இருள் வெற்றிடமன்று

மார்கழித் திருவாதிரையன்று வைட்டிலாவில் வாழும் நமக்குத் தனியோர் இன்பம் உண்டு. நம் இல்லத்தில் களி கிண்டும் அதே நாளில், அண்டை வீட்டு மலையாளப் பெண்டிர் குத்துவிளக்கைச் சுற்றிவந்து திருவாதிரை ஆடுவர். இரு மொழியினர்க்கும் விண்மீன் ஒன்றே. நாற்சந்தியின் விளக்கொளியையும் மீறி அச்செம்மீன் ஒளிரும். அதற்குத் தெற்கே மூன்று மீன்கள் வரிசையாய் நிற்கும். அவற்றையடுத்து, சிறு தொலைநோக்கியால் பார்த்தால் புகைபோல் ஒன்று தென்படும். அதுவே ஓரையன் நெபுலா. ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் விண்மீன்கள் பிறக்கும் தொட்டில்.

இத்தகைய முகில்களில் இருண்டவற்றைக் குறிக்கும் சொல்லை நாம் முன்பொருகால் 'வெற்றிடம்' என மொழிபெயர்த்தோம். அது பிழை. ஆயினும் அப்பிழையில் நமக்கு ஒரு பெருந்துணை உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வானாராய்ந்த வில்லியம் ஹெர்ஷல், மீன்களற்ற கரும்பரப்புகளை வானத்துத் துளைகளென்றே கருதினார். அவரே 1800-இல், முப்பட்டைக் கண்ணாடி பிரித்த கதிரவன் ஒளியில், சிவப்பிற்கு அப்பால் வெப்பமானியை வைத்து அகச்சிவப்புக் கதிரைக் கண்டறிந்தார். துளையெனத் தாம் எண்ணியதன் உள்ளே புகும் வழி தம் கையிலேயே கிடைத்ததை அவர் அறிந்திலர்.

1919-இல் பார்னார்டு என்பார் 182 கரும்பகுதிகளைப் பட்டியலிட்டார். அவற்றுட் பல துளைகளல்ல. பின்னுள்ள மீன்களை மறைக்கும் தூசும் வாயுவுமே என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. கண்ணுக்குரிய ஒளி தூசியில் சிதறி மறையும். நீண்ட அலைகளோ ஊடுருவி வெளிவரும். 1967-இல் ஓரையனில், தூசிக்குள் மறைந்த இளம் மீனொன்றை அகச்சிவப்புக் கதிர் காட்டியது. 1970-இல் அதே இடத்தில், 2.6 மில்லிமீட்டர் ரேடியோ அலை கார்பன் மோனாக்சைடு வாயுவைக் காட்டியது.

அவ்வாண்டிலேயே நம் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கியை நிறுவினர். அவ்விடத்து அட்சரேகையோ சுமார் 11 பாகை. மலைச்சரிவும் ஏறத்தாழ அவ்வளவே. ஆதலின் தொலைநோக்கியின் அச்சு புவியின் அச்சிற்கு இணையாயிற்று; அதனை ஒரே அச்சில் சுழற்றி ஒரு வான்பொருளைப் பல மணி நேரம் தொடரலாம்.

தொலைதூர ரேடியோ மண்டலங்களை நிலவு மறைக்கும் கணத்தில் ஆராயவே அது அமைக்கப்பெற்றது. ஆயினும் புதுமீன்களின் சூழலையும் அது காட்டிற்று. சூடான இளமீனின் புறஊதாக் கதிர் ஹைட்ரஜன் அணுவைப் பிளக்கும். பிரிந்த எலெக்ட்ரான் மீண்டும் சேர்ந்து படிப்படியாய் இறங்குகையில் ரேடியோ அலை எழும். இவ்வலைகளை உதகையில் அளந்த அனந்தராமையா, புதுமீன்களைச் சூழ்ந்த வாயு முகில்களுக்கு அடர்த்தி குன்றிய பரந்த புறவுறை உண்டென 1985-86-இல் காட்டினார். பின்னர் அவரும் அனிஷ் ரோஷியும் பால்வீதியின் உட்பகுதியை விரிவாக அளந்து 2000, 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். 2001-இலேயே அனந்தராமையா மறைந்தார்.

ரேடியோ வாயுவைச் சொல்லும். இளமீன்கள் சூடேற்றிய தூசியைச் சொல்வது அகச்சிவப்பு. ஆயின் நெடிய அகச்சிவப்பு அலையைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடும். ஆகவே அந்நிலையத்தார் 1 மீட்டர் ஆடியுடைய தொலைநோக்கியை ஐதராபாத்திலிருந்து பலூனில் ஏற்றி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்திற்கு அனுப்பினர். 1999 முதல் ஜப்பானிய அறிஞரின் கருவியும் அதனோடு சேர்ந்து, கார்பன் அயனியின் 158 மைக்ரான் ஒளியை அளந்தது.

எங்கே எவ்வளவு வாயு, எங்கே புதுமீன் என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண இரண்டு அலைகளும் வேண்டும். ஒன்றை மட்டும் நம்பினால் பாதிச் செய்தியே கிட்டும்.

நாம் இப்போது அச்சொல்லைத் திருத்தி, 'இருள்முகில்' என்றே எழுதுகிறோம். பிறமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அடுத்த திருவாதிரையன்று செம்மீனைக் காட்டும்போது, அதனருகே ஒன்றுமில்லை எனத் தோன்றும் இடங்களையும் சுட்டிக் காட்டுவோம். நம் நீலகிரிச் சரிவிலிருந்தும் பால்வீதியின் முகில்களை அளந்தார்கள் என்பதையும் உடன் சொல்வோம்.