கபடி வீரரின் தொழில்வாழ்க்கை: தென்காசி – குற்றாலம் வட்டாரம்

கபடி வீரரின் தொழில்வாழ்க்கை என்பது ஊர்த் திடலில் தொடங்கி, துறை அணி, மாநில அணி, ஏலமுறை லீக் எனச் சென்று, பெரும்பாலும் ஓர் அலுவலக வேலையிலோ பயிற்சியாளர் பணியிலோ முடியும் பாதையாகும். கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. சடுகுடு என்ற பழைய பெயரில் அது தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டுவந்த தென்மாவட்டங்களில் தென்காசி – குற்றாலம் வட்டாரமும் ஒன்று. இங்கிருந்து புறப்படும் ஆட்டக்காரருக்கு முன்னுள்ள பாதை ஒரு நூற்றாண்டில் எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

ஆட்டமும் விதிகளும்

அணிக்கு எழுவர் களத்தில் இறங்குவர். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. பெண்களுக்கு 12க்கு 8 மீட்டர். பாடிச் செல்பவர் மூச்சை விடாமல் ‘கபடி கபடி’ என்று சொல்லியபடி எதிர்க்களத்தில் ஆளைத் தொட்டு, 30 வினாடிக்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். எதிரணியில் எழுவரும் ஆட்டமிழந்தால் ‘லோனா’ எனக் கூடுதலாக இரண்டு புள்ளி கிடைக்கும். சடுகுடுவில் ஒற்றைச் சொல்லுக்குப் பதில் பாட்டே பாடிச் செல்வது வழக்கம். ‘பாடிப் போவது’ என்ற பேச்சு வழக்கு அதன் எச்சம்.

வெளிநாட்டு ஆட்டங்களில் இதற்கு நெருங்கியது ரக்பி லீக். ஆளை ஆள் மடக்குவது மட்டுமல்ல, தோன்றிய சூழலும் ஒப்பிடத்தக்கது. வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் ஆடப் போன நாளுக்குக் கூலி இழந்தார்கள். அந்தக் கூலியைக் கிளப் ஈடுகட்டலாமா என்ற பூசலில்தான் 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் வடபகுதிக் கிளப்கள் தனியே பிரிந்தன. பீடி சுற்றுவோரும் விசைத்தறி ஓட்டுவோரும் வயல் வேலை செய்வோரும் வாழும் தென்காசிச் சீமையிலும் கேள்வி அதுவேதான்: ஆடப் போகும் நாளில் வீட்டுக்கு யார் படியளப்பது? இங்கிலாந்தில் கிளப் கூலி கொடுத்தது. இந்தியாவில் அலுவலகம் வேலை கொடுத்து, ஆடவும் அனுப்பியது.

அமைப்பாக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராட்டிரத்திலும் பரோடாவிலும் ஆட்டத்துக்கு எழுத்துவடிவ விதிகள் உருவாயின. ஆட்டமிழந்தவர் மீண்டும் களத்துக்கு வரும் ‘சஞ்சீவனி’, வெளியேறியவர் வெளியேறியவரே என்னும் ‘காமினி’ எனப் பல வகைகள் வழங்கின. இன்றைய ஆட்டம் சஞ்சீவனியின் வழி வந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது மகாராட்டிரத்தின் அமராவதியைச் சேர்ந்த அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் அங்கே கபடியை ஆடிக்காட்டியது. 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952இல் சென்னையில் நடந்தது.

அலுவலக அணிகளின் காலம்

தேசியப் போட்டிகள் நிலைபெற்றபின் ரயில்வே, காவல்துறை, மின்வாரியம், வங்கிகள், சில தனியார் ஆலைகள் ஆகியவை அணி வைத்துக்கொண்டன. வீரருக்கு மாதச் சம்பளம். போட்டிக்குச் சென்ற நாள்கள் பணிநாள்களாகவே கணக்காகும். பரிசுத்தொகை சொற்பம் என்றாலும் வேலை நிரந்தரம். ‘கபடி ஆடினால் வேலை கிடைக்கும்’ என்ற நம்பிக்கை தென்மாவட்ட வீடுகளில் வேரூன்றியது இக்காலத்தில்தான். பின்னாளில் தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு வந்தபின் அந்த நம்பிக்கை மேலும் வலுத்தது.

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியாயிற்று. இந்தியா தங்கம் வென்றது. தமிழகத்தின் எஸ். ராஜரத்தினம் பின்னர் அர்ஜுனா விருது பெற்றார். தென்காசிக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு, தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்தின் பி. கணேசன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். 1995க்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. ஊர் அணி, நிறுவன அணி, தமிழ்நாடு மின்வாரியம், இந்திய அணி என அவர் ஏறிய படிகளே அந்தக் காலத்து வீரர் பலரும் ஏற விரும்பிய படிகள். மாரி செல்வராஜ் இயக்கிய ‘பைசன் காளமாடன்’ (2025) திரைப்படம் அவர் வாழ்க்கையைத் தழுவி எழுந்தது.

ஏல மேடை

2014 ஜூலை 26 அன்று புரோ கபடி லீக் எட்டு அணிகளுடன் தொடங்கியது. முதல் ஏலத்தில் அதிக விலை ராகேஷ் குமாருக்கு: 12.80 லட்சம் ரூபாய். நான்கே ஆண்டில், 2018இல், மோனு கோயத் 1.51 கோடிக்குப் போனார். 2022இல் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. ஆனால் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம்பட்ட அவர் அதன்பின் அந்தப் பருவத்தில் ஆடவில்லை. அவர் இல்லாமலே அணி முதன்முறையாக அரையிறுதி வரை சென்றது. தமிழ் தலைவாஸ் லீக்கில் சேர்ந்தது 2017இல்.

லீக்கில் தமிழரின் தலைமைக்குச் சான்று தர்மராஜ் சேரலாதன். தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியில் பிறந்தவர். சக வீரர்களுக்கு ‘அண்ணா’. நாற்பது வயதைத் தாண்டியபின், 2016இல், பாட்னா பைரேட்ஸ் அணித் தலைவராகக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார்.

தென்காசி – குற்றாலத்தில்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து மாநிலத்தின் 33ஆவது மாவட்டமானது. ஆட்டக்காரருக்கு இது வெறும் நிர்வாக மாற்றமல்ல. முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளில் மாவட்டத்துக்கொரு அணி என்பதால், முன்பு நெல்லை அணியின் ஓரிடத்துக்குப் பாளையங்கோட்டை வரை சென்று போட்டியிட்ட பாவூர்சத்திரம், ஆலங்குளம், சுரண்டை, கடையநல்லூர், செங்கோட்டைப் பிள்ளைகளுக்குச் சொந்த மாவட்ட அணி கிடைத்தது.

வீரர் முதலில் கண்ணில் படுவது கோயில் கொடை விழாவை ஒட்டி நடக்கும் மின்னொளிக் கபடியில். திடலில் கல் பொறுக்கிச் செம்மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார்கள். நான்கு மூலையிலும் கம்பம் நட்டு விளக்கு கட்டுவார்கள். ஒலிபெருக்கியில் ஊர்ப் பெயரோடு அணியின் பெயர் முழங்கும். ஆட்டங்கள் விடிய விடிய நடக்கும். ரொக்கப் பரிசும் சுழற்கோப்பையும் வென்ற அணிக்கு; சிறந்த பிடியாளருக்கும் பாடிச் செல்பவருக்கும் தனிப் பரிசு. வெளியூர் அணியில் ஆள் குறைந்தால், பேசிய தொகைக்கு அங்கே போய் ஆடிக்கொடுக்கும் வழக்கமும் உண்டு. பல வீரருக்கு முதல் ஆட்டச் சம்பளம் அதுதான்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சாரல் காலம். அருவிகளில் தண்ணீர் விழும்; அடிவாரத் திடல்களில் செம்மண் நனைந்து வழுக்கும். நனைந்த மண்ணில் ஓடிப் பிடிப்பவர் சறுக்குவார். அதனால் நின்ற இடத்திலிருந்தே கணுக்காலைப் பிடிக்கும் மூலை ஆட்டக்காரருக்கு வேலை அதிகம். வெறுங்காலோடு மண்ணில் வளர்ந்த இந்தக் கால்களுக்கு மாநிலப் போட்டியில் காத்திருப்பது செயற்கை விரிப்பும் ஷூவும். மண்ணில் பெருவிரலை ஊன்றித் திரும்பிப் பழகியவர் விரிப்பில் காலடியைப் புதிதாகப் பயில வேண்டும். கிராமத்து வீரர் பலர் தடுமாறும் முதல் இடம் இதுவே. விரிப்பும் ஆடுகளத்துக்குக் கூரையும் இருக்கும் ஊர்கள் குறைவு.

பெண்கள்

பெண்கள் கபடி 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் இடம்பெற்றது. இந்தியா தங்கம் வென்றது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும், ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸும் இருந்தனர். தமிழ்நாடு அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் வழங்கியது. ஏல லீக்கில் பெண்களுக்கு இன்னும் இடமில்லை என்பதால், அவர்களுக்குப் பள்ளி, கல்லூரி அணிகளும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையுமே ஏணி.

காயமும் ஓய்வும்

முழங்கால் தசைநார் அறுதல், தோள்பட்டை விலகல், கணுக்கால் முறிவு ஆகியவை இந்த ஆட்டத்தின் வழக்கமான காயங்கள். புகழுக்கும் ஆயுள் குறைவு. 2021இல் 1.65 கோடிக்கு விலைபோன பர்தீப் நர்வால், பாடிச் சென்று எடுத்த 1,800க்கு மேற்பட்ட புள்ளிகளோடு லீக்கின் முதல்நிலைச் சாதனையாளராக இருந்தும், 2025 ஏலத்தில் யாராலும் எடுக்கப்படவில்லை. 28 வயதில் ஓய்வை அறிவித்தார். சேரலாதனின் நீண்ட ஆட்டக்காலம் விதிவிலக்கு.

மதிப்பீடு

லீக் வந்தபின் கபடி வீரரின் விலை பன்மடங்கு உயர்ந்தது. ஆட்டக்காலம் நீளவில்லை. ஆண்டுக்குச் சில மாதம் நடக்கும் லீக்கில் இடம்பெறுவோர் சில நூறு பேர். மின்னொளித் திடல்களில் ஆடுவோரோ எண்ணிலடங்கார். ஆகவே ஏலத்தில் பெயர் வருவது கனவாகவும், துறை அணியில் வேலை பெறுவது குறிக்கோளாகவும் இன்றும் நீடிக்கின்றன. ஹடர்ஸ்ஃபீல்டில் எழுந்த கூலிக் கேள்விக்குத் தென்காசி வீட்டார் கேட்க விரும்பும் விடை இன்றும் ஒரு பணி நியமன ஆணைதான்.