சுத்தியல் தேடியவர் கண்ட புதையல்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்னும் சிற்றூர் உள்ளது. 1992 நவம்பர் 16 அன்று, வயலில் தொலைந்த தம் சுத்தியலைத் தேடித் தருமாறு உழவர் ஒருவர் நண்பர் எரிக் லாஸை வேண்டினார். உலோகம் காட்டும் கருவியுடன் சென்ற லாஸ் கண்டவையோ பொன், வெள்ளிக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் ஆகும்.

சிலவற்றை எடுத்தபின் அவர் தோண்டுவதை நிறுத்தி, உரியவர்களுக்குச் செய்தி அறிவித்தார். மறுநாளே தொல்லியலாளர் வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஆதலின் மரப்பெட்டி ஒன்றனுள் பொருள்கள் அடுக்கப்பட்டிருந்த ஒழுங்கும் தெரியவந்தது. ஆவல் மிகுதியால் அவரே அனைத்தையும் வாரியிருப்பின் அவ்வறிவு அன்றே அழிந்திருக்கும்.

காசுகள் மட்டும் ஏறத்தாழ 15,000. அவற்றுள் இறுதியானவை கி.பி. 407–408ஆம் ஆண்டுகளுக்குரியவை. பிரித்தானியாவில் உரோமர் ஆட்சி முடிவுற்ற காலம் அது. புதைத்தவர் மீண்டு வந்திலர். பொற்காப்பு ஒன்றில் ஜூலியானா என்னும் பெண்ணின் பெயர் உள்ளது.

நமக்கு நெருக்கமான பொருளும் அங்கு உண்டு. பெண்ணுருவில் அமைந்த வெள்ளி மிளகுச் சிமிழ் அது; அடியிலுள்ள வட்டைத் திருப்பினால் மூடவும், நிரப்பவும், தூவவும் இயலும். பண்டைத் தமிழர் ‘கறி’ என்று வழங்கிய மிளகு, தென்னிந்திய மலைச்சாரலில் விளைந்து, கடல் பல கடந்து உரோமர் உணவுக்கலத்தை அடைந்தமைக்கு அச்சிமிழ் சான்றாகும்.

17.5 இலட்சம் பவுன் பரிசு பெற்ற லாஸ் அதனை உழவருடன் பகிர்ந்துகொண்டார். தேடப்பட்ட சுத்தியலும் கிடைத்தது. இன்று அது புதையலோடு பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.