ஒன்பது மணி நேரமும் ஒரு சிறுநீர்க் குறிப்பானும்

2019 ஆகஸ்ட் 3 அன்று நள்ளிரவுக்குப் பின், திருவனந்தபுரம் மியூசியம் பகுதியில் கார் மோதி ‘சிராஜ்’ நாளிதழின் செய்தியாளர் கே.எம். பஷீர் உயிரிழந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர் ஓர் இந்திய ஆட்சிப்பணி அதிகாரி. அவருடைய இரத்த மாதிரி ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் கழித்தே எடுக்கப்பட்டது. அதில் மது காணப்படவில்லை என்றது ஆய்வக அறிக்கை.

இந்த ‘இல்லை’யை எவ்வாறு வாசிப்பது? சுவீடன் அறிஞர் எரிக் விட்மார்க் 1932இலேயே வழி காட்டியிருந்தார். இரத்தத்திலிருந்து மது ஏறத்தாழ சீரான வேகத்தில் நீங்குகிறது. மணிக்கு 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 15 மில்லிகிராம். சட்ட வரம்பாகிய 30 மில்லிகிராமின் நான்கு மடங்கு இருந்தாலும் எட்டு மணி நேரத்தில் அது சுழியமாகிவிடும். ஆகவே அவ்வறிக்கை குடித்ததையும் நிறுவாது, குடிக்காததையும் நிறுவாது. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. இங்கு என் அக்கறை சான்றின் வரலாறு மட்டுமே.

நெடுநேரம் நிற்கும் தடயம் ஒன்று உண்டு. உட்கொண்ட மதுவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதைக் கல்லீரல் எத்தில் குளுக்குரோனைடாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. நோய்பவர் 1901இல் விவரித்த இச்சேர்மம் 1952இல் முயலின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1990களில்தான் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதைக் குடியின் குறிப்பானாக வளர்த்தெடுத்தனர். மிகுதியாகக் குடித்தவரிடம் அது மூன்று நாள்வரை தென்படலாம்.

இதைக் கேட்டதும், ‘அன்று சிறுநீரைச் சோதித்திருந்தால் போதுமே’ என்று கருத்தரங்குகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2006இல் அமெரிக்க அரசின் ஆலோசனைக் குறிப்பு ஒன்று இதற்கு எதிராக எச்சரித்தது: கை கழுவும் கிருமிநாசினியும் வாய் கொப்பளிக்கும் நீர்மமும்கூட இக்குறிப்பானைத் தோற்றுவிக்கலாம். மறுபுறம், சிறுநீர்த் தொற்றிலுள்ள ஈ.கோலை பாக்டீரியா அதைச் சிதைத்துவிடலாம். இவற்றினும் பெரிய தடை, அது குடித்த மணியைச் சொல்லாது என்பதே. சட்டம் கேட்பதோ வாகனம் ஓட்டிய வேளையின் நிலையை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 1988இல் இரத்தத்தில் எவ்வளவு சிறிய அளவு மதுவையும் குற்றமாக்கியது. 1994இல் 30 மில்லிகிராம் வரம்பும் மூச்சுச் சோதனைக் கருவியும் நுழைந்தன. ‘ஆய்வகச் சோதனை உள்ளிட்ட வேறு எந்தச் சோதனையும்’ என்ற சொற்களைச் சேர்த்த திருத்தச் சட்டம், பஷீர் இறந்த ஆறாம் நாள், 2019 ஆகஸ்ட் 9 அன்று, ஒப்புதல் பெற்றது. அம்மரணத்தின் விளைவு அன்று அது; மசோதா முன்பே நாடாளுமன்றத்தில் இருந்தது. மாதிரியை எத்தனை மணிக்குள் எடுக்க வேண்டும் என்பதை அச்சொற்கள் கூறவில்லை. வரம்பும் இன்றுவரை இரத்தத்தின் அளவிலேயே இருக்கிறது. சிறுநீர்க் குறிப்பானை அந்த அளவாக மாற்றிக் கணக்கிட வழியில்லை.