குடியரசுத் தலைவர் தேர்தல் வாக்காளர் குழு: சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பங்கு

வாக்காளர் குழு என்பது இந்தியக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மக்கள் பிரதிநிதிகளின் குழு. அரசியலமைப்பின் 54ஆவது உறுப்பின்படி நாடாளுமன்ற இரு அவைகளுக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இதில் வாக்களிப்பர். 70ஆவது திருத்தம் (1992) தில்லி, புதுச்சேரி சட்டமன்றங்களையும் சேர்த்தது. நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை.

தோற்றம்

சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல். அது நியமனப் பதவி. 1950 ஜனவரி 26 முதல் அதன் இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் அமர்ந்தார்.

வாக்கு மதிப்பு

மாநில மக்கள்தொகையைச் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வரும் ஈவை 1,000ஆல் வகுத்தால் ஓர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு கிடைக்கும். 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 4,11,99,168, உறுப்பினர்கள் 234 பேர், மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தில் அது 208, சிக்கிமில் 7.

சேலம் மாவட்டத்தில் மேட்டூர், எடப்பாடி, ஏற்காடு, ஆத்தூர் உட்பட 11 தொகுதிகள். 1997இல் பிரிந்த நாமக்கல்லில் ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம் உட்பட 6. இந்த 17 உறுப்பினர்களின் கூட்டு மதிப்பு 2,992. 2022 தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரின் மதிப்பு 700.

ஒழிப்பதா?

1948இல் அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா நேரடித் தேர்தல் கோரினார், சபை ஏற்கவில்லை. அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கவேண்டிய தலைவர் கோடிக்கணக்கானோரின் நேரடி ஆணையோடு வந்தால், பிரதமருக்குப் போட்டியாக இன்னோர் அதிகார மையம் உருவாகும்.

வாக்காளர் குழு முறை உள்ள அமெரிக்காவில் 2000, 2016 தேர்தல்களில் மக்கள் வாக்கில் பின்தங்கியவர்களே அதிபர்களானார்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் முதலிடம் பெறுபவருக்கே அம்மாநில வாக்குகள் அனைத்தும் போகும். இந்தியாவில் ஒவ்வோர் உறுப்பினரும் ரகசியமாக, விருப்ப வரிசைப்படி தனித்தனியே வாக்களிக்கிறார். 1969இல் வி.வி. கிரி இரண்டாம் விருப்ப வாக்குகளால்தான் வென்றார். ஆகவே அமெரிக்க முறையின் குறையை இதன்மேல் சுமத்துவது பொருந்தாது.

சீர்திருத்துவதா?

உண்மையான சிக்கல் மக்கள்தொகை ஆண்டில் இருக்கிறது. 42ஆவது திருத்தம் (1976) 1971 கணக்கை நிலைநிறுத்தியது. 84ஆவது திருத்தம் (2001) அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. தொகுதி எண்ணிக்கை மாறாமல் 2011 கணக்கைப் பொருத்தினால் தமிழ்நாட்டின் மதிப்பு 308 ஆகும். உத்தரப் பிரதேசத்தின் மதிப்பு 496 ஆகும். இப்போது 18 விழுக்காடாக உள்ள இடைவெளி 61 விழுக்காடாக விரியும்.

தலைக்கு ஒரே மதிப்பு என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நாடு கேட்டுக்கொண்டபடி குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த மாநிலம் அதற்காகவே குரல் இழப்பது அநீதி. குழுவை ஒழிக்கத் தேவையில்லை. மாநிலங்களிடையே இன்றுள்ள விகிதத்தைக் காப்பதே வேண்டிய சீர்திருத்தம். 54, 55ஆவது உறுப்புகளைத் திருத்த நாடாளுமன்றம் மட்டும் போதாது. 368ஆவது உறுப்பின்படி மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குக் குறையாதவை ஒப்புதல் அளிக்க வேண்டும்.