மீன்தொட்டிக் கருவிகளை வினிகரால் தூய்மை செய்தல்

மீன்தொட்டிக் கருவிகளை வினிகரால் தூய்மை செய்தல் என்பது, சூடேற்றி, நீரேற்றி, வடிகட்டியின் உறை முதலியவற்றின் மேல் படியும் சுண்ணப் படிவை, வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தால் கரைத்து நீக்கும் முறையாகும். வினிகர் இலங்கைத் தமிழில் வினாகிரி எனப்படுகிறது. சோப்பு, சலவைத்தூள் ஆகியவற்றின் எச்சம் மீன்களின் செவுள்களைப் பாதிக்கக்கூடியது. ஆகையால், நீரில் எளிதாகக் கழுவி அகற்றத்தக்க வினிகரை மீன் வளர்ப்போர் பெரிதும் பயன்படுத்துகின்றனர். எனினும் இம்முறை உயிரற்ற பரப்புகளுக்கு மட்டுமே உரியது. வடிகட்டியில் வாழும் நன்மை தரும் பாக்டீரியாக்களை வினிகர் அழித்துவிடும்.

படிவு தோன்றும் விதம்

கடின நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்துள்ளது. நீர் சூடாகும்போதும், அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்போதும் இது நீரில் எளிதில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. சூடேற்றியின் கண்ணாடிக் குழாயில் வெண்ணிறப் படலம் உண்டாவது இதனாலேயே ஆகும். நீர்மட்டத்தை ஒட்டிக் காணப்படும் வெண்கோடு, நீர் ஆவியாகித் தாது உப்புகள் எஞ்சுவதால் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் இதனை உப்புக் கறை என்று குறிப்பிடுவதுண்டு. ஆயினும் இது சமையல் உப்பு அன்று. வெறும் நீரில் கழுவினால் நீங்காது.

கடல்நீர்த் தொட்டிகளில், தம் செல்சுவர்களில் கால்சியம் கார்பனேட்டைச் சேர்த்துக்கொள்ளும் சுண்ணப் பாசிகளும் கருவிகளின் மேல் கடினமான ஓடுபோல வளர்கின்றன.

வேதிவினை

கால்சியம் கார்பனேட் + அசிட்டிக் அமிலம் → கால்சியம் அசிட்டேட் + நீர் + கார்பன் டை ஆக்சைடு

விளையும் கால்சியம் அசிட்டேட் நீரில் நன்கு கரையும். எழும் குமிழிகள் கார்பன் டை ஆக்சைடு வளிமத்தால் ஆனவை. கடைகளில் கிடைக்கும் வினிகர் பெரும்பாலும் 4 முதல் 8 விழுக்காடு அமிலம் கொண்டது. 5 விழுக்காட்டு வினிகர் 1 லிட்டரில் ஏறத்தாழ 50 கிராம் அமிலம் உள்ளது. கணக்கின்படி இது சுமார் 42 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கவல்லது. குமிழிகள் நின்ற பின்னும் படிவு எஞ்சியிருந்தால், அமிலம் தீர்ந்துவிட்டது எனக் கொண்டு புதிய வினிகரை ஊற்ற வேண்டும்.

செய்முறை

நிறமூட்டியோ, சர்க்கரையோ, நறுமணப் பொருளோ சேராத வெள்ளை வினிகரே ஏற்றது.

1. கருவியின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். சூடேற்றியை உடனே வெளியே எடுத்தால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். அது குளிர்வதற்கு 15 முதல் 30 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.
2. கருவியைத் தொட்டியிலிருந்து அகற்றி, கழற்றக்கூடிய பகுதிகளைப் பிரித்து, ஒட்டியுள்ள பாசியையும் கழிவையும் கழுவ வேண்டும்.
3. வினிகரும் நீரும் சம அளவில் கலந்த கரைசலில் ஊறவைக்க வேண்டும். மெல்லிய படிவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் போதும். தடித்த படிவை ஓர் இரவு முழுவதும் ஊறவைக்கலாம். நீரில் அமிழ்த்தக் கூடாத மின்பகுதிகளை வினிகரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.
4. இளகிய படிவை மென்மையான தூரிகையால் தேய்த்து அகற்ற வேண்டும்.
5. வினிகர் மணம் நீங்கும்வரை நல்ல நீரில் அலசிய பின்னரே கருவியைத் தொட்டியில் வைக்க வேண்டும்.

வினிகர் படக்கூடாதவை

வடிகட்டியின் பஞ்சு, பீங்கான் வளையங்கள் போன்றவற்றில் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா முதலிய பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இவை மீன்களின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பஞ்சை வினிகரில் ஊறவைத்தால் இவை மடியும்; தொட்டியில் அமோனியா பெருகி மீன்கள் இறக்க நேரிடும். இப்பாக்டீரியாக்கள் மீண்டும் போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். எனவே பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

சிப்பி, பவளத்துண்டு, சுண்ணாம்புக்கல், பளிங்குக்கல் ஆகியன கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. வினிகரில் அவையும் கரையும். புதிய கல் ஒன்றைத் தொட்டியில் இடுமுன் அதன்மேல் ஒரு துளி வினிகர் விட்டுச் சோதிப்பதும் இப்பண்பை ஒட்டியதே. குமிழி எழுந்தால் அக்கல் நீரின் கடினத்தன்மையை உயர்த்தக்கூடும். செம்பு, பித்தளைப் பகுதிகளிலிருந்து வினிகர் செம்பைக் கரைக்கும். செம்பு இறால்களுக்கும் நத்தைகளுக்கும் நஞ்சாகும். நீரேற்றியின் சுழலியில் உள்ள காந்தத்தின் உறை விரிசல் கண்டிருந்தால், அமிலம் உட்புகுந்து துருவை விரைவுபடுத்தும்.

தொட்டி நீரில் வினிகர் கலந்தால்

கருவியில் எஞ்சும் ஓரிரு துளிகளால் தீங்கு நேராது. ஆனால் 100 லிட்டர் நீரும் 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மையும் உள்ள தொட்டியில் 5 விழுக்காட்டு வினிகர் 100 மில்லிலிட்டர் கொட்டினால், அந்நீரின் அமிலம் தாங்கும் திறனில் பாதிக்கு மேல் உடனே செலவாகிறது. நீரின் அமிலத்தன்மை கூடுகிறது. அடுத்து, பாக்டீரியாக்கள் அசிட்டேட்டை உணவாகக் கொண்டு பெருகி நீரைக் கலங்கச் செய்கின்றன. அந்த 5 கிராம் அமிலம் முழுதும் சிதைய ஏறத்தாழ 5.3 கிராம் ஆக்சிசன் தேவை. அதே நீரில் 27 டிகிரி செல்சியசில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிசனோ சுமார் 0.8 கிராம் மட்டுமே. காற்றிலிருந்து ஆக்சிசன் கரையும் வேகம் போதாதபோது மீன்கள் மூச்சுத் திணறி மேற்பரப்புக்கு வரும். இந்நிலையில் காற்றூட்டலை மிகுத்து, நீரின் ஒரு பகுதியை மாற்றுவது உடனடித் தீர்வாகும்.

பாதுகாப்பு

வினிகரைப் பிளீச்சிங் பவுடருடனோ குளோரின் கலந்த வெளுப்புக் கரைசலுடனோ ஒருபோதும் சேர்க்கலாகாது. நச்சுத்தன்மை உள்ள குளோரின் வளிமம் வெளிப்படும். மேலும், வினிகர் படிவு நீக்கியே அன்றி முழுமையான கிருமிநீக்கி அன்று. நோயுற்ற மீன்கள் இருந்த தொட்டியின் கருவிகளை வினிகரால் மட்டும் கழுவி வேறு தொட்டியில் பயன்படுத்துதல் நோயைப் பரப்பக்கூடும்.