காளிகாட்டில் கிடைத்த ஓம வாட்டர்

1978-ல் உத்தியோக மாற்றலில் கல்கத்தா சென்றபோது காளிகாட்டில் குடியிருந்தோம். ஒரு நாள் குழந்தைக்கு வயிற்றுவலி. கீழ் வீட்டு வங்காளி அம்மாள் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து, "ஜோயானேர் ஆரக்" என்றார். லேபிளில் 'அக்வா டைகோடிஸ், பெங்கால் கெமிக்கல்' என்றிருந்தது. மூடியைத் திறந்ததும் என் சகதர்மிணி சிரித்துவிட்டாள். "ஏன்னா, இது நம்ம ஓம வாட்டர்!"

அந்த பாட்டிலுக்குப் பின்னே ஒரு சரித்திரம் உண்டு. ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் எடின்பரோவில் ரசாயனம் பயின்று, 1889-ல் பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானவர். அந்நாளில் மருந்துகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. 1892-ல், அப்பர் சர்க்குலர் ரோடு 91-ஆம் எண் வாடகை வீட்டில், சுமார் 700 ரூபாய் முதலுடன் அவர் மருந்து தயாரிக்கத் தொடங்கினார். 1901-ல் அது லிமிடெட் கம்பெனி ஆயிற்று.

மேல்நாட்டு மருந்துகளோடு ஆடாதோடை, நிலவேம்பு, வெட்பாலை, ஓமம் ஆகியவற்றையும் அவர் பாட்டிலில் அடைத்தார். எல்லாம் நம் பாட்டிமார் கைமருந்துகள்தாம். ஆனால் வீட்டுக் கஷாயம் மறுநாளே கெட்டுவிடும். அளவு பார்த்துத் தயாரித்து, பாட்டிலில் அடைத்தது பல ஊர்களுக்குப் போகும்.

ஏன் கண்ணாடி? ஓமத்தின் வாசனை தைமால் என்ற பொருளால் வருவது, எளிதில் ஆவியாகும். கண்ணாடி அதை உறிஞ்சாது, வெளியே கசிய விடாது. கண்ணாடிக்கு மூலப்பொருள் மணல். சோடா சேர்த்தால் குறைந்த சூட்டில் உருகும். சுண்ணாம்பும் சேர்த்தால்தான் நீரில் கரையாமல் நிற்கும். இதையெல்லாம் ஆராயும் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் காளிகாட்டுக்குச் சற்றுத் தெற்கே, ஜாதவ்பூரில் 1950-ல் திறக்கப்பட்டது.

பெங்கால் கெமிக்கலில் பணியாற்றிய சதீஷ் சந்திர தாஸ் குப்தா சுதேசி மை ஒன்றைத் தயாரித்தார். அந்த வழியில் 1934-ல் மைத்ரா சகோதரர்கள் தொடங்கியதே 'சுலேகா' மை. ஜாதவ்பூரில் இருந்த அதன் தொழிற்சாலை 1980-களின் இறுதியில் மூடப்பட்டு, 2006-ல் மீண்டும் உயிர் பெற்றது. மூடிக் கிடந்த காலத்திலும் பஸ் நிறுத்தத்தின் பெயர் 'சுலேகா'தான். 1980-ல் நாட்டுடைமையான பெங்கால் கெமிக்கல் இன்றும் இயங்குகிறது.

ராயும் அரசுச் சம்பளக்காரர், நானும் அப்படியே. நானும் ரசாயனம் படித்தவன்தான். முப்பது வருஷம் கோப்புகளில் கையெழுத்துப் போட்டதோடு சரி. என் பாட்டியின் கஷாயத்துக்கு அளவைக்கூடக் குறித்து வைக்கவில்லை. பாட்டி இருக்கும் வீட்டு அங்கத்தினர்கள் இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள்.