பிளஸ் ஸ்க்ரூவின் கதை

ஏதாவது தொழில்நுட்ப வரலாறு எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். ராக்கெட், கம்ப்யூட்டர் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது நாம் ‘பிளஸ் ஸ்க்ரூ’ என்றும் ‘ஸ்டார் ஸ்க்ரூ’ என்றும் சொல்கிற சாதாரணத் திருகாணியை. வீட்டு மிக்ஸியிலிருந்து தோட்டத்து மோட்டார் ஸ்டார்டர் பெட்டி வரை பலவற்றை இறுக்கிப் பிடித்திருப்பது இதுதான். அவசரத்துக்குக் கழற்றப் போனால், ‘தலை தேஞ்சு போச்சு சார்’ என்று கைவிரிக்க வைப்பதும் இதுதான். ஏன் இப்படி? பதில் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

முதலில் இருந்தது ஒற்றைக் கோடு வெட்டிய ‘மைனஸ்’ திருகாணி. கையால் நிதானமாகத் திருக அது போதும். கார் தொழிற்சாலைகளில் வேகமாகத் திருக வேண்டி வந்தபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. திருப்புளி நடுவில் நிற்காது. பக்கவாட்டில் வழுக்கிக் கையையோ பெயிண்டையோ கீறிவிடும்.

கனடாவைச் சேர்ந்த பி. எல். ராபர்ட்சன், சதுரக் குழி வைத்த திருகாணிக்கு 1909-ல் காப்புரிமை பெற்றார். அருமையான வடிவம், லேசில் வழுக்காது. ஃபோர்டு கம்பெனிக்கும் பிடித்திருந்தது. ஆனால் தயாரிப்பு உரிமையை விட்டுக்கொடுக்க ராபர்ட்சன் இசையவில்லை. அது பெரும்பாலும் கனடாவோடு நின்றுபோனது.

அமெரிக்காவில் ஜான் தாம்ஸன் என்பவர் கூட்டல் குறிக் குழி ஒன்றை வடிவமைத்தார். அந்த உரிமையை வாங்கி மேம்படுத்தியவர் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ். அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனி அதைத் தயாரிக்க முன்வந்தது. 1936-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் காரில் பயன்படுத்தியது. ராபர்ட்சனுக்கு நேர்மாறாக, பிலிப்ஸ் பல தயாரிப்பாளர்களுக்கும் உரிமம் கொடுத்தார். சில வருடங்களிலேயே அது நாடெங்கும் பரவிவிட்டது. நல்ல வடிவம் மட்டும் ஜெயிக்காது, அதைப் பரப்பும் வழியும் வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

பிலிப்ஸ் குழியின் சுவர்கள் சரிவானவை. உள்ளே போகப் போகக் குறுகும். அதனால் திருப்புளி தானாகவே நடுவில் போய் உட்காரும். ஓடுகிற அசெம்பிளி லைனுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அதே சரிவு, திருகும் விசையில் ஒரு பகுதியை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. திருப்புளி எகிறி வெளியே வருகிறது, குழியின் ஓரம் மழுங்குகிறது. சாய்தளம் படித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஆக, மாட்டுகிறவருக்குக் கிடைத்த வசதிக்கு விலை கொடுப்பவர் கழற்றுகிறவர்.

இந்தக் குறையைப் போக்க 1960-களில் பிரிட்டனின் ஜி.கே.என். நிறுவனம் ‘போஸிடிரைவ்’ கொண்டுவந்தது. சுவர்கள் கிட்டத்தட்ட நேரானவை. தலையில் பெரிய பிளஸ்ஸுக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் இருக்கும், அதுதான் அடையாளம். ஜப்பான்காரர்கள் ஜே.ஐ.எஸ். என்ற தங்கள் தரத்தில் இன்னொரு பிளஸ் செய்தார்கள். அதன் தலையில் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி இருக்கும். 1984-ல் ஓசூரில் இண்ட்-சுஸுகி பைக் வந்த காலம் முதல் ஜப்பானியத் தொழில்நுட்பம் நம் தெருவுக்கே வந்துவிட்டது. ஜே.ஐ.எஸ். ஆணியில் பிலிப்ஸ் திருப்புளி முழுதாக இறங்காமல் தலையைத் தின்றுவிடும்.

அப்படின்னா எதை வாங்குவது? பிலிப்ஸ் திருப்புளியில் பி.எச். என்றும், போஸிடிரைவில் பி.இஸட். என்றும் போட்டிருக்கும். பக்கத்தில் உள்ள எண்தான் அளவு. 2.5, 3 மி.மீ. மெஷின் ஸ்க்ரூவுக்கு 1-ஆம் எண், 3.5 முதல் 5 மி.மீ. வரை 2-ஆம் எண், 6 மி.மீ.க்கு 3-ஆம் எண். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் முதலில் வாங்க வேண்டியது நல்ல உருக்கில் செய்த பி.எச். 2. ஆணியை அதன் முனையில் செருகிப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்தால் சரியான ஜோடி. ‘இருக்கிறதை வெச்சு ஓட்டிக்கலாம்’ என்பதுதான் பல ஆணிகளைக் கொல்கிறது.

கழற்றும்போது மெயினை ஆஃப் செய்து டெஸ்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். குழியில் உள்ள மண்ணையும் பெயிண்டையும் ஊசியால் சுரண்டுங்கள். துருப்பிடித்த ஆணி என்றால், துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். பிறகு நேராகப் பிடித்து, அழுத்தம் முக்கால் பங்கு, திருகல் கால் பங்கு. முதல் தடவை வழுக்கினாலே நிறுத்தி, திருப்புளியை மாற்றுங்கள். மும்முனை கரண்ட் வருகிற நேரத்தில் ஸ்டார்டர் பெட்டியைத் திறக்க முடியாமல் போனால், காய்வது பயிர்தான்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாளை நீங்கள் ஒரு டிராயிங்கில் திருகாணி போடும்போது, அதை மாட்டப் போகிறவரை மட்டும் நினைக்காதீர்கள். பத்து வருடம் கழித்து, துருவோடும் சேற்றோடும் அதைக் கழற்றப் போகிறவரையும் ஒரு நிமிடம் நினையுங்கள்.